எட்டு நொடிப் பொய்யும் சம்பலின் இருபது நிமிடமும்

மலேசியாவின் செனாய், கூலாய் வட்டாரத்தில் வீட்டுச் சமையல் விற்கும் பெண்களுக்கென்று இணைய வணிகப் பட்டறைகள் நடக்கின்றன. எதற்குப் போனாலும் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும். "இந்தக் காலத்து மனிதனின் கவனம் எட்டு நொடிதான். தங்கமீனுக்குக் கூட ஒன்பது நொடி. ஒரு நிமிடத்தைத் தாண்டும் சமையல் காணொளியை யாரும் பார்க்கமாட்டார்கள்." மேடையில் ஏறுகிறவர் மாறுகிறார், திரையில் வரும் மீன் படம் மாறுவதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல் அடைந்துவிட்டேன். நாற்பது பேருக்குப் பிரியாணி போடத் தெரிந்த பெண்கள் அந்த வாசகத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய், தங்கள் சமையலை வெட்டி வெட்டிச் சிதைக்கிறார்கள்.

முதலில் அந்த எட்டு நொடி. மைக்ரோசாப்டின் கனடா பிரிவு 2015இல் விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட ஓர் அறிக்கையில் இருந்துதான் இது உலகம் சுற்றியது. 2000இல் 12 நொடியாக இருந்த கவனம் 2013இல் 8 நொடியாகக் குறைந்துவிட்டதாம். அந்த எண் மைக்ரோசாப்ட் அளந்து கண்டதல்ல, ஒரு புள்ளிவிவர இணையதளத்தில் இருந்து எடுத்துப் போட்டது. 2017இல் பிபிசி அதன் வேரைத் தேடியது. அந்த இணையதளம் ஆதாரமாகக் காட்டிய நிறுவனங்களைக் கேட்டால், அப்படியோர் ஆய்வே எங்களிடம் இல்லை என்றன. கவனத்தை ஆராயும் உளவியலாளர்கள் சொன்னது இன்னும் தெளிவு: கவனத்துக்கென்று தனியாக ஒரு நீளம் கிடையாது, செய்யும் வேலையைப் பொறுத்து அது மாறும். தங்கமீனின் கதையும் பொய். மீன்களின் நினைவாற்றலை ஆராயவே விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகத் தங்கமீனைப் பயன்படுத்தி வருகிறார்கள். வேரே இல்லாத ஓர் எண்ணைக் காட்டி மனிதர்களை மீனுக்குக் கீழே வைப்பது அவமதிப்பு.

அடுத்து, "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்கிறார்களே, அது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை இங்கே பார்க்காத தமிழ் வீடு எது? அம்மியில் மசாலா அரைபடுவதையும், விறகு பற்றுவதையும், பெரிய அண்டாவில் கறி வேகுவதையும் அவர்கள் பொறுமையாகக் காட்டுகிறார்கள். போடும் பொருளின் பேரை உரக்கச் சொல்லிப் போடுகிறார்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டில் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. நம் நாட்டிலேயே, யூடியூபில் சமைத்துக் காட்டிய சுங்கை சிப்புட்டின் சுகு, பவித்ரா தம்பதியை நினைத்துப் பாருங்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, தோட்டத்து வீட்டின் சிறு சமையலறையில் நின்று, சரளமான மலாய் மொழியில் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார் பவித்ரா. மலாய்க்காரர்களும் சீனர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் எந்த ஒரு நிமிடச் சட்டத்துக்கும் கட்டுப்படவில்லை.

"யூடியூப் குட்டிக் காணொளிகளைத்தான் தூக்கிவிடும்" என்பது மூன்றாவது வாதம். பார்வை எண்ணிக்கையை விட, பார்த்த நேரத்துக்கு முதலிடம் தருவதாக யூடியூப் 2012இலேயே அறிவித்துவிட்டது. பணக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களோடு, ஓராண்டில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குட்டிக் காணொளிகள் வழியாகப் போவதென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக ஆறு நிமிடம் பார்த்தால் 40,000 பார்வை போதும், அதற்கும் முழு ஆண்டு அவகாசம் உண்டு. 40,000 எங்கே, ஒரு கோடி எங்கே? ஷார்ட்ஸ் ஓடையில் ஓடிய நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேரவும் சேராது. இந்தக் கணக்கை எந்தப் பட்டறையிலும் பலகையில் எழுதிப்போட்டு நான் பார்த்ததில்லை. தாமான் குடியிருப்பில் கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கிய பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

நீண்ட காணொளியை வயதானவர்கள்தான் பார்ப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். பார்க்கட்டுமே, அவர்களும் பார்வையாளர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே என்னைக் கோபப்படுத்துவது, "அடுப்பில் வேகும் நேரத்தை வெட்டிவிடுங்கள், அங்கே ஒன்றும் நடப்பதில்லை" என்ற அறிவுரை. சமையலே அங்கேதான் நடக்கிறது.

நாசி லெமாக்கின் சம்பலை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டு வதக்க வேண்டும். நம் வீடுகளில் எண்ணெய் பிரியும்வரை என்போம், பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் பெச்சா மிஞ்ஞாக் என்பார். ஒரு நிமிடக் காணொளியில் விழுது சட்டிக்குள் விழும், ஒரு வெட்டு, அடுத்த நொடி கருஞ்சிவப்பாக எண்ணெய் மிதக்கும். அந்த வெட்டுக்குள் போனது இருபது நிமிடம். விழுதில் தண்ணீர் இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் வற்றிய பிறகுதான் எண்ணெயின் முழுச் சூடும் மிளகாயைப் பிடிக்கும், பச்சை வாடை அப்போதுதான் போகும். தொடக்கத்தில் விழுது நுரைத்துத் தெறிக்கும். பிறகு குமிழிகள் சிறுத்து, சத்தம் தணியும். நிறம் இறங்கும். ஓரத்தில் எண்ணெய் கசியும். சமைக்கத் தெரிந்தவர் இதைக் கண்ணால் பாதியும் காதால் பாதியும் அறிகிறார். புதிதாகக் கற்கும் பெண் எட்டாவது நிமிடத்தில் பொறுமை இழந்து, பெலாச்சான் இறால் விழுதையும் புளியையும் கொட்டிவிடுகிறாள். சம்பல் காரலாக வருகிறது, சீக்கிரம் கெட்டும் போகிறது. தன் கை சரியில்லை என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். கை சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத் தேவைப்பட்ட நிமிடங்களைத்தான் யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதற்கு மேல் பாட்டு வேறு போட்டு, சட்டியின் சத்தத்தையும் மூடிவிடுகிறார்கள்.

கோழிப் பிரட்டல், ரெண்டாங், மீன் கறிக்கு வெந்தயம் தாளிப்பது, எல்லாவற்றிலும் இதே கதைதான். வெந்தயம் சிவப்பதற்கும் கருகிக் கசப்பதற்கும் நடுவில் சில நொடிகள்தான். அந்த நொடிகளைக் காட்டாத காணொளி எதைக் கற்றுத்தருகிறது? மீனாட்சி அம்மாள் 1951இல் "சமைத்துப் பார்" நூலை வெளியிட்டபோது, புதிதாகச் சமைக்க வருபவளுக்கும் புரியும்படி அளவும் பக்குவமும் சொல்லி விரிவாக எழுதினார். அவருடைய விளக்கத்தை நீளம் என்று யாரும் தள்ளவில்லை. இன்றும் அந்த நூல் விற்கிறது.

"வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது?" என்றும் கேட்கிறார்கள். செனாயில் இருந்துகொண்டு இதைக் கேட்பது வியப்பாக இருக்கிறது. இங்கே தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களும், விடியுமுன் மோட்டாரில் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்களும் ஏராளம். வீடு திரும்பியதும் இவர்கள் கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். காணொளி ஓட ஓடக் கூடவே சமைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிமிடத் துண்டால் தொல்லைதான். எண்ணெய்க் கையோடு அதைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

பார்வையாளர் பாதியில் ஓடுவது உண்மைதான். மூன்று நிமிடம் வணக்கம் சொல்லி, சந்தா கேட்டு, தட்டை நான்கு கோணத்தில் சுழற்றிக் காட்டினால் யார்தான் இருப்பார்? வெட்ட வேண்டியது அதை.

சகோதரிகளே, அடுத்த பட்டறையில் மீன் படம் திரையில் வந்தால் எழுந்து, "எந்த ஆய்வு, யார் செய்தது?" என்று கேளுங்கள். சம்பல் வதங்க இருபது நிமிடம் ஆனால், சட்டியின் சத்தத்தோடு அந்த இருபது நிமிடத்தையும் விட்டுவிடுங்கள். எங்கே தீயைக் குறைத்தீர்கள், ஏன் குறைத்தீர்கள் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள்.