ஏதென்சு செல்லும் கொங்கரே, கொடுமணலுக்கு வழி தெரியுமா?

கோவையிலும் திருப்பூரிலும் செல்வம் பெருகியபின், கிரேக்க நாட்டுக்குச் சுற்றுலாச் சென்று வருவதும் பெருமைக்குரிய செய்தியாகிவிட்டது. ஏதென்சுக் குன்றின்மேல் நின்று எடுத்துக்கொண்ட படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வீடுகள் கொங்கு நாட்டில் இன்று பலவுள. அங்குச் செல்வதை யாம் பழிக்கவில்லை. கிரேக்கம் பழம்பெரும் மொழி. தமிழன் சென்று காணத்தக்க நாடுகளுள் அந்நாடு முன்வரிசையில் நிற்பது. யாம் கேட்பது வேறு. கடல் கடந்து சென்று இடிந்த தூண்களை அண்ணாந்து நோக்கி மெய்சிலிர்த்து வருவோர், தம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய கொடுமணலை ஒருமுறையேனும் மிதித்ததுண்டா? அவ்வூர் எத்திசையில் உள்ளதென்றாவது அறிவரா?

நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள சிற்றூர் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுவே என்பர் ஆய்வாளர். இதன் அருமையை முன்னரே உணர்ந்து ஊரறியச் செய்தவருள் ஒருவர் புலவர் செ. இராசு, அவர் ஒரு தமிழ்ப்புலவர் என்பதைத் தமிழாசிரியரை ஏளனம் செய்வோர் குறித்துக் கொள்க. 1980இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்குச் சிறிய அளவில் தோண்டிப் பார்த்தது. 1985 முதல் 1990 வரை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பல பருவங்கள் அகழ்ந்தனர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகமும், அதன்பின் மீண்டும் தமிழ்நாட்டரசும் அகழ்ந்தன. இவ்வூரின் தொடக்கத்தைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டுவரை கொண்டு செல்வர் அகழ்ந்த அறிஞர். நம்மவர் படம் பிடித்து வந்த பார்த்தினன் கோயில் கி.மு. 447இல் கட்டத் தொடங்கப்பெற்றது. ஆண்டுக் கணக்கை அருகருகே வைத்துப் பாருங்கள், தமிழீர்!

"கிரேக்கத்தில் தூண் உண்டு, கோயில் உண்டு, சிலை உண்டு. கொடுமணலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? காடும் மேடும் கல்லுந்தானே!" என்று படித்தவரே கேட்கின்றனர். கேட்கட்டும். பார்த்தினனிலும் எஞ்சியிருப்பது கல்லே. 1687இல் அதனுள் துருக்கர் குவித்து வைத்திருந்த வெடிமருந்தின்மேல் வெனிசு நகரத்தார் குண்டு வீச, நடுப்பகுதி சிதறிப்போயிற்று. அந்தச் சிதறலைக் காணத்தான் உலகம் போகின்றது. காண்பவன் கண்ணுக்குப் பின்னால் அறிவு இருந்தால் சிதறலும் பேசும்; இல்லையேல் முழுக்கோயிலும் ஊமைதான்.

கொடுமணல் பேசுவது எதனை? அது வேந்தன் மாடத்தைப் பற்றியதன்று, உழைப்பாளியின் தொழிற்கூடத்தைப் பற்றியது. இங்கு மணிக்கற்கள் அறுக்கப்பட்டன, தேய்க்கப்பட்டன, துளையிடப்பட்டன, மெருகேற்றப்பட்டன. உடைத்த கல், பாதி தேய்த்த கல், துளை பாதியில் நின்ற கல், முடிந்த மணி என எல்லாப் படிநிலைகளிலும் கிடைத்திருப்பதால், எங்கோ செய்ததை இங்கு விற்றனர் என்று எவரும் சொல்லவியலாது. படியூரில் கடல்நிறப் பச்சைக்கல்லாகிய பெரில், சிவன்மலைப் பக்கத்தில் நீலக்கல், வெங்கமேட்டில் வெங்கச்சாங்கல் என, சுற்றுவட்டாரமே மணிக்களஞ்சியமாயிருந்தது. சென்னிமலைப் பகுதி இரும்புக்கனியம் தந்தது. இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு ஆக்கிய சுடுமண் குகைகளும் இங்கு வெளிப்பட்டன. ஒரே கல்லறையில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. அக்கல்லோ கூர்ச்சரத்திலிருந்து வந்திருத்தல் வேண்டும் என்பர். அத்துணைத் தொலைவுக்கு நீண்டிருந்தது இச்சிற்றூரின் கை.

இவற்றினும் மேலானவை பானையோடுகள். எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் இங்குக் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன் என்றும், சம்பன் என்றும், விசாகி என்றும் தத்தம் பெயரைத் தத்தம் கலத்தில் கீறி வைத்துள்ளனர். அரசன் ஆணையைக் கல்லில் வெட்டுவது எந்நாட்டிலும் உண்டு. சோறுண்ணும் கலத்தில் தன் பெயரைத் தானே கீறிக்கொள்ளும் மக்கள் எத்தனை நாடுகளில் இருந்தனர்? எழுத்தை ஒரு வகுப்பார் மட்டும் பொத்தி வைத்திருந்த நிலத்தில் இது நடந்திருக்குமா? தமிழனுக்கு எழுதக் கற்பித்தவர் பிறரே என்று இன்றும் ஓதிக்கொண்டிருப்போர், கொடுமணல் ஓட்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு வாய்திறக்கட்டும்.

இனி யவனர்க்கு வருவோம். நம் பாடநூல்களில் உரோமை வணிகம் என்றொரு பகுதி உண்டு. அதைப் படிக்கும் பிள்ளை, யவனர் வந்தனர், பொன் தந்தனர், நாம் வாழ்ந்தோம் என்றே எண்ணிக்கொள்ளும். உண்மை என்ன? உலகில் பெரில் கிடைப்பது பெரும்பாலும் இந்தியாவில்தான் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமையறிஞர் பிளினி எழுதினார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுட்டர்சுக் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறதென்று புலம்பியவரும் அவரே. வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 உரோமை வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அவிநாசிப் பக்கம் கத்தாங்கண்ணியில் 1913இல் மேலும் ஒரு புதையல் வெளிப்பட்டது. பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்கடற்கரைக்குச் சென்ற பெருவழியை ஒட்டி இவை கிடப்பதன் பொருள் என்ன? அவர்கள் வேண்டி வந்தனர். நாம் செய்து விற்றோம். முசிறியிலிருந்து சரக்கேற்றிய எர்மப்போலன் என்னும் கப்பல் தொடர்பான கடனுடன்படிக்கை ஒன்று 1985இல் வெளியிடப்பெற்றது. அது எழுதப்பட்டிருக்கும் மொழி கிரேக்கம். காசில் இருந்தது உரோமை வேந்தன் முகமே. ஆயினும் கணக்கெழுதிய கை பெரும்பாலும் எகித்து நாட்டுக் கிரேக்கன் கை. ஆகவே கிரேக்கம் நமக்கு அயலார் வீட்டுக் கதையன்று. நம் பாட்டன் பேரம் பேசிய ஆளின் வீடு.

இவ்விடத்தில் நம் பக்கத்தாரிடமும் ஒரு சொல். கிரேக்க மொழி முழுவதும் தமிழிலிருந்தே பிறந்ததென்றும், ஏதென்சைக் கட்டியவனே தமிழனென்றும் மேடையில் முழங்கும் சிலர் உளர். அரிசி என்னும் நம் சொல்லே கிரேக்கத்தில் ஒரிசா என ஆயிற்று என்று கால்டுவெல் கருதினார். அதுபோல் சான்று காட்டிப் பேசுங்கள். கொடுமணல் ஓடுகளில் சுமணன் போன்ற வடவர் பெயர்களும் உண்டு, அதை மறைப்பானேன்? வணிக ஊருக்குப் பலரும் வருவர். அவர்கள் வந்து தங்கித் தம் பெயரை எழுதியதும் இந்த ஊரின் பெருமையே. கையில் மாணிக்கம் இருப்பவன் கண்ணாடிக் கல்லைச் சேர்த்து மாலை கோக்க வேண்டா. கோத்தால், பகைவன் கண்ணாடியை மட்டும் சுட்டிக்காட்டி முழுமாலையையும் தள்ளிவிடுவான்.

கிரேக்கரிடமிருந்து நம் சுற்றுலாவாணர் கொண்டுவர வேண்டியது படமன்று, அவர்தம் பிடிவாதம். பார்த்தினன் சிலைகளை எல்கின் என்னும் பிரித்தானியன் பெயர்த்தெடுத்துச் செல்ல, 1816இல் பிரித்தானிய அரசு அவற்றை வாங்கிக்கொண்டது. கிரேக்கர் விட்டார்களா? 1982இல் மெலினா மெர்க்கூரி என்னும் பெண் அமைச்சர் உலக மன்றத்தில் எழுந்து கேட்டார். 2009இல் ஏதென்சில் குன்றின் அடிவாரத்தில் புதிய காட்சியகம் கட்டி, இலண்டனில் உள்ள சிலைகளுக்குரிய இடத்தில் வெண்சுதைப் படிகளை வைத்து, வருவோர் கண்ணில் அவ்விழப்பு உறுத்துமாறு செய்துவிட்டனர். நிலத்தடித் தொடர்வண்டிக்குத் தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களை அந்நிலையத்திலேயே வழிப்போக்கர் காணுமாறு வைத்தனர்.

நாம் என்ன செய்தோம்? உதகையிலிருந்த கல்வெட்டுத் துறை அலுவலகம் 1966இல் மைசூருக்குப் போயிற்று. நம் முன்னோர் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் போயின. அவற்றைச் சென்னைக்குக் கொணர்க என்று உயர்முறைமன்றம் ஆணையிடுவதற்கு 2021 வரை காத்திருந்தோம். இடையே 55 ஆண்டுகள்! மெர்க்கூரி போல் எழுந்து கேட்ட தமிழமைச்சர் எத்தனை பேர்?

கொடுமணலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் நிறைந்த இடுகாடு அது. வேலிக்கும் வரப்புக்கும் வீட்டு அடிப்படைக்கும் ஆகுமென்று இத்தகைய கற்களைப் பெயர்ப்பது கொங்கு நாடெங்கும் நெடுங்கால வழக்கம். உழவனைக் குறை சொல்ல யாம் வரவில்லை. அவனுக்கு இதன் அருமையை எடுத்துச் சொன்னவர் யார்? ஆற்றையோ அறிந்தே கெடுத்தோம். கொடுமணலை அடுத்து ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் அணை கட்டினர். உழவர்க்கு நீர் பாய்ச்ச எழுந்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. எந்த உழவர்க்காகக் கட்டப்பட்டதோ அவர்களே அந்நீர் வேண்டாவென்று முறைமன்றம் ஏறினர். 2011இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணை பிறந்தது. ஈராயிரம் ஆண்டுக்குமுன் மணியைக் கழுவிய நீரில் இன்று மாட்டைக் கழுவவும் அஞ்சுகின்றோம். ஏதென்சுப் படம் தொங்கும் கூடங்களுள் எத்தனை அந்தச் சாயக்காசில் எழுந்தவையோ!

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஈரோடு மாவட்டத்தில் 22 கோடி உருபாவில் நொய்யல் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. வரவேற்கின்றோம். ஆயின் கண்ணாடிப் பேழைக்குள் மணியை வைத்துவிட்டு, அம்மணி பிறந்த மண்ணைக் காற்றில் விட்டுவிடலாகாது. அகழ்ந்த குழிகளை மூடுவது தொல்லியலார் வழக்கம். மூடியபின் அங்குச் செல்வோன் எதைக் கண்டு என்ன அறிவான்? இன்ன இடத்தில் உலை இருந்தது, இன்ன இடத்தில் மணி துளைத்தனர் என்று நல்ல தமிழில் கல்நட்டு எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? எஞ்சிய கல்வட்டங்களைச் சுற்றி வேலியிடவும், ஊர் இளைஞர் நால்வரைப் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்தவும் 22 கோடியில் ஒரு துளி போதாதா?

பள்ளிகளுக்கும் ஒரு சொல். நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பேருந்து பிடிக்கும் பள்ளி ஒன்றின் தாளாளரிடம் கொடுமணலைப் பற்றிச் சொன்னேன். "அங்கே பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா, ஐயா?" என்றார். நான் அழைத்துச் சென்ற பிள்ளைகளுக்கு நன்றாகவே போயிற்று. உழுத நிலத்தில் கறுப்பும் சிவப்புமான ஓட்டுத்துண்டொன்றைக் கண்ட எட்டாம் வகுப்புச் சிறுமி, அதைத் தொடாமல் குனிந்து நெடுநேரம் நோக்கிவிட்டு, "இதில் யார் சாப்பிட்டார்கள், ஐயா?" என்று கேட்டாள். கண்ணன் ஆதன் பெயரைச் சொன்னேன். உடன்வந்த பிள்ளைகளுள் ஆதவன் என்னும் பையன், "கிட்டத்தட்ட என் பெயர்!" என்று துள்ளினான்.

வரும் தை விடுமுறையில் செல்ல விரும்புவோர் சென்னிமலைக்கு வந்து அங்கிருந்து வண்டியமர்த்திக் கொள்க. குடிநீர் கொண்டு செல்க. ஆற்றில் குடிக்க வேண்டா. ஓடு கண்டால் பாருங்கள், எடுக்காதீர்கள்.