மனோன்மணியை அழைத்த ஃபக்கீர்

குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றிப் பேச எழுபவர்கள் 'மதம் கடந்தவர்' என்ற ஒரு சொல்லோடு அவரை முடித்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், பாடல்களைப் புரட்டினால் நிற்காது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்று, சென்னை இராயபுரத்தில் அடங்கிய சுல்தான் அப்துல் காதிர், நபிகளையும் சூஃபி ஞானி முகியித்தீன் ஆண்டகையையும் உருகி உருகி அழைத்தவர். முகியித்தீன் சதகம் பாடியவரே சித்தர் அகத்தியர்மீது அகத்தீசன் சதகமும் பாடினார். ஒன்றைத் துறந்து மற்றொன்றுக்குப் போனதாக அவர் பாட்டில் எந்தத் தடயமும் இல்லை. சூஃபியாக நின்றபடியே சித்தர் தமிழைத் தன் மொழியாக எடுத்துக்கொண்டார் என்பதே சரி.

அவர் பாடிய மனோன்மணிக் கண்ணி இதற்குப் போதிய சான்று. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிக் கண்ணனுக்கு ஏங்கினார். பக்திப் பாட்டில் நமக்குப் பழகியது உயிர் பெண்ணாவதுதான். திருக்கோவையாரில் தலைவியைச் சிவமாகக் கொள்ளும் உரைமரபு ஒன்று உண்டு என்றாலும், அது பெருவழக்காகவில்லை. மஸ்தானோ இறையைப் பெண்ணாக்கி, தான் பித்தேறிய காதலனாகிறார். இது லைலா மஜ்னூன் வழி வந்த ஏக்கம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவர் சூட்டிய பெயர் சைவத்தில் சக்தியையும் யோகநூல்களில் மனம் ஒடுங்கிய நிலையையும் குறிக்கும் பெயர். கண்ணி வடிவமோ தாயுமானவர் பராபரக்கண்ணியில் கையாண்டது. இரண்டு மரபையும் அறியாதவருக்கு இந்தப் பாட்டின் பாதி வெறும் அலங்காரமாகவே தெரியும்.

இறைவனைப் பெண்ணாகப் பாடுவது இஸ்லாத்துக்கு ஒவ்வாது என்று வாதிப்போர் உண்டு. 1240இல் மறைந்த சூஃபி ஞானி இப்னு அரபியும் தம் காதல் கவிதைகள் வெறும் உலகியல் காதலே என்ற கண்டனத்தைச் சந்தித்தார். அவற்றுக்குத் தாமே ஞான உரை எழுதிப் பதில் சொன்னார். ஆகவே மஸ்தானின் துணிவு சூஃபி மரபுக்கு உள்ளிருந்தே வந்தது. மறுபக்கம், அவரை முஸ்லிம் ஞானி என்று அழுத்திச் சொன்னால் எல்லோருக்கும் பொதுவானவர் என்ற இடம் போய்விடுமே என்ற கவலையும் இருக்கிறது. இதில் நியாயம் இருந்தாலும் வரலாறு வேறு விதமாகவே நடந்திருக்கிறது. புலவர் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடியபோதும், ஐயாசாமி முதலியார் அவரைக் குருவாகக் கொண்டபோதும், எதிரில் இருந்தவர் ஒரு முஸ்லிம் ஃபக்கீர் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பணிந்தார்கள். சூஃபிச் சொற்களுக்கும் யோகச் சொற்களுக்கும் சேர்த்து விளக்கம் தரும் பதிப்பை நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மாணவர் கையில் கொடுக்க வேண்டும். விழா மேடைப் புகழுரை அதற்கு ஈடாகாது.