முதல் கேள்வி

புக்கிட் பாஞ்சாங்கில் வசிக்கும் என் அக்கா மகனுக்கு 14 வயது. முதல் வகை நீரிழிவு. 1922இல் டொரோண்டோவில் முதன்முதலாக இன்சுலின் சிகிச்சை பெற்ற லியோனார்ட் தாம்சனுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். அப்போது சிறுநீரைச் சோதித்து ஓரளவு ஊகிப்பார்கள். இன்று கையில் ஒட்டிய கருவி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. அக்காவின் கைப்பேசிக்கும்தான்.

பள்ளி விட்டு வந்ததும் அக்கா கேட்பார்: “ஏன் 13? என்ன சாப்பிட்டே?”

ஒருநாள் அவன் தகவல் பகிர்வையே நிறுத்திவிட்டான். அன்றிரவு அளவு இறங்கி வியர்க்கிறதா என்று அக்கா மூன்று முறை எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வானொலியில் பேட்டி எடுப்பவள் நான். முதல் கேள்வி குற்றச்சாட்டாக இருந்தால், அடுத்த பதில் வராது.

இப்போது வீட்டில் ஓர் ஒப்பந்தம். 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ, நெடுநேரம் உயர்ந்தே இருந்தாலோ அம்மா கேட்கலாம். இறங்கினால் அவன் உடனே இனிப்புப் பானம் குடிக்க வேண்டும். கருவி தோலுக்கடித் திரவத்தை அளப்பதால் ரத்த அளவைவிடச் சற்றுப் பிந்தும். உடம்பு வேறு மாதிரி சொன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

மற்ற நேரங்களில் முதல் கேள்வி, “பள்ளி எப்படிப்பா?”

போன வாரம் அவனே சொன்னான்: “இன்னைக்கு 12 மா. டுரியான்தான் காரணம்.”