நஞ்சும் சட்டமும்

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை உழவர் 'மருந்து' என்றே வழங்குகின்றனர். அச்சொல்லில் இடர் ஒன்று மறைந்துள்ளது. மருந்து எனப் பெயர் பெற்ற பொருளை அடுக்களைப் பரணில் வைக்க எவரும் அஞ்சுவதில்லை.

இந்திய நாட்டில் இந்நஞ்சுகளை ஆளும் சட்டம் துயரத்தில் பிறந்தது. 1958ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி, உணவுப் பண்டங்களோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டது. கசிந்த நஞ்சு உணவில் கலந்தது. அதனை உண்ட கேரள மக்களுள் 100 பேருக்கு மேல் மாண்டனர். விசாரணை ஆணையம் அமைந்தது. பத்தாண்டு கழித்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறிற்று. பதிவு பெறாத நஞ்சை விற்றல் குற்றமாயிற்று. 1971ஆம் ஆண்டு விதிகள், புட்டியின்மேல் வண்ண முக்கோணம் பொறிக்கப் பணித்தன. மிகக் கொடியதற்குச் சிவப்பு, அடுத்ததற்கு மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. எழுத்தறியாதவரும் வண்ணம் அறிவர் அன்றோ? நல்ல ஏற்பாடே. ஆயினும் தெளிப்பவர் பலர் கூலியாட்கள். அவர்கள் கைக்கு வருவது புட்டியன்று. நீரில் கரைத்து நிரப்பிய தெளிப்பான். முக்கோணத்தை அவர்கள் எங்ஙனம் காண்பர்?

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. கொடிய நஞ்சை முற்றும் விலக்காமல், 'இப்பயிருக்கு ஆகும். அப்பயிருக்கு ஆகாது' என வரையறுப்பதே அது. மோனோகுரோட்டோபாஸ் என்னும் நஞ்சு, காய்கறிகளுக்கு ஆகாது என 2005இல் விலக்கப்பட்டது. பருத்தி முதலியவற்றுக்கு அதன் விற்பனை தொடர்ந்தது. பருத்திக்கென வாங்கிய புட்டி கத்தரிப் பாத்திக்குச் செல்வதை எந்த ஆய்வாளர் வரப்பில் நின்று தடுப்பார்? 2013 சூலைத் திங்களில், பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் நண்பகல் உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் அந்நஞ்சே கலந்திருந்தது. கடையில் எளிதாகக் கிடைக்கும் நஞ்சு வயலோடு நிற்பதில்லை. மாநில அரசு தடுக்க விழைந்தாலோ, 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அளித்தது 60 நாள் தடையே. வேண்டின் இன்னும் 30 நாள். பருத்தியின் பருவம் அதனினும் நீண்டது!

கொடியவற்றை நீக்கினால் விளைச்சல் குன்றும் என்பாரும் உளர். ஒரு கிழமைக்குள் புழுவுக்குப் பயிரைப் பறிகொடுத்தவரின் அச்சம் எள்ளத்தக்கதன்று. ஆயினும் இலங்கையின் பட்டறிவு வேறாக உள்ளது. எஞ்சியிருந்த மிகக் கொடிய நஞ்சுகளை அந்நாடு 1995இல் விலக்கியது. 1998இல் எண்டோசல்பானையும் விலக்கியது. அடுத்த பத்தாண்டில் நஞ்சுண்டு மடிந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. விளைச்சல் குன்றவில்லை என்பதையும் ஆராய்ந்தோர் கண்டனர்.

ஆதலின், மிகக் கொடியவற்றின் பதிவையே நீக்குதல் முறையாகும். அதனோடு, பூச்சியைக் காக்கும் பிற வழிகளைக் கற்பிக்கும் வேளாண் அலுவலர் விதைப்புக்கு முன்பே ஊரை அடைதல் வேண்டும். அவர் வராத ஊரில் உழவருக்கு அறிவுரை கூறுபவர் நஞ்சு விற்கும் கடைக்காரரே.