தீட்டிய சாமைக்குச் சிறுதானிய விலையா?

ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, சாமையும் வரகும் வைக்காத மளிகைக் கடை அபூர்வமாகிவிட்டது. முன்பு மண்டியின் மூலையில் கிடந்த மூட்டைகள் இப்போது முன்வரிசையில் நிற்கின்றன. வணிகர்களாகிய நமக்கு இது மகிழ்ச்சியே. ஆனால் எந்தச் சத்தை நம்பி மக்கள் அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறார்களோ, அது மூட்டைக்குள் இருக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டாமா?

சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கு மேலே உமி உண்டு. அதை நீக்கித்தான் ஆக வேண்டும். உமிக்கு அடியில் இருக்கும் தவிடு வேறு சங்கதி. நார்ச்சத்தும், இரும்பு முதலிய தாதுக்களும், பி வைட்டமின்களும் பெருமளவு அதில்தான் இருக்கின்றன. உமி போன பிறகும் மில்லில் மேலும் மேலும் தீட்டினால் தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். மிச்சம் நம் கடைக்கு வரும். அதைச் சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு வெள்ளை அரிசியைவிடப் பெரிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது?

மில்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் விழும். தீட்டிய சரக்கு பல மாதம் தாங்கும், பார்வைக்கும் வெள்ளையாக இருக்கும். சில்லரைக் கடைக்காரர் வெள்ளையாகக் கேட்கிறார். மொத்த வியாபாரி அதையே மில்லில் சொல்கிறார். கேட்பதை நாம் மாற்றினால் மில்லும் மாறும். பழுப்பு நிறச் சாமையைக் கேட்டு வாங்குங்கள். மூட்டையாக இறக்காமல், 15 நாளில் விற்றுத் தீரும் அளவுக்கு 5 கிலோ, 10 கிலோவாக எடுங்கள். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்க்காமல் சரக்கை இறக்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்று. "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும்" என்று சில கடைகளில் பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், சாமையிலும் வரகிலும் சுமார் 65 கிராம் இருக்கிறது. அளவில்லாமல் சாப்பிட்டால் இதிலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நம் பலகையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? சட்டமும் சும்மா விடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006இன்படி, தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு.

பளபளப்பான பாக்கெட்டுகளுக்கு நடுவே நாம் மறந்துவிடுவது கேழ்வரகைத்தான். உமி குத்தும் வேலையோ தீட்டும் வேலையோ இதற்கு இல்லை. முழுசாக அரைத்துச் சலிக்காமல் சாப்பிட்டால் சத்து அப்படியே கிடைக்கும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியதும் காரணமில்லாமல் அல்ல. கம்பும் இப்படித்தான், இரும்புச் சத்து மிகுந்தது. ஆனால் கம்பு மாவு அரைத்த சில நாளிலேயே கசந்துவிடும். அதை மாவாக அடுக்கி வைக்காமல் தானியமாகவே விற்று, வேண்டும்போது கொஞ்சமாக அரைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.