வெளியே தெரியாத காயம்

கை முறிந்தால் கட்டு தெரியும். கால் முறிந்தால் ஊன்றுகோல் தெரியும். பார்ப்பவர்கள் விலகி வழிவிடுவார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். மூளையில் அடிபட்டுப் பிழைத்தவருக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. தையல் பிரித்து, தலைமுடியும் வளர்ந்துவிட்டால் அவர் பழைய மனிதராகவே தோன்றுவார். ஆனால் காலையில் சொன்னது மாலையில் மறந்துவிடும். சிறு சத்தமும் எரிச்சலூட்டும். அரைநாள் வேலைக்குள் உடல் ஓய்ந்துவிடும். இதை வீட்டார் சோம்பல் என்பார்கள். மேலதிகாரி அலட்சியம் என்பார். அக்கம்பக்கத்தார் இன்னும் கடுமையான வார்த்தை சொல்வார்கள்.

இந்தக் காயத்தை ஊரறியச் செய்வதற்காகவே நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கியவர்கள் உண்டு. அவர்களில் மைக்கேல் வாட்சன் என்ற பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரரின் வரலாறு அனைவரும் அறிய வேண்டியதாகும்.

1991 செப்டம்பர் 21 அன்று லண்டனில் கிறிஸ் யூபாங்க் என்பவருடன் மோதிய உலகப் பட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் வாட்சன் நிலைகுலைந்தார். மூளையில் ரத்தம் கட்டியது. அந்த நேரத்தில் உடனே செய்ய வேண்டிய சிகிச்சைக்கு மேடையருகே தக்க ஏற்பாடு இல்லை. 40 நாட்கள் அவர் நினைவின்றிக் கிடந்தார். ஆறு முறை மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பேச்சையும் நடையையும் குழந்தையைப் போல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் சக்கர நாற்காலியே கதியாயிற்று.

அவர் வழக்குத் தொடர்ந்தார். மேடையருகிலேயே உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் பாதிப்பு இவ்வளவு கடுமையாக இருந்திராது என்பதைக் கோர்ட் ஏற்றது. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்ற தீர்ப்பை 2000 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது.

அதே வாட்சன் 2003-ல் லண்டன் மராத்தானில் கலந்துகொண்டார். மராத்தான் என்பது 42 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கரமனையில் புறப்பட்டால் களியக்காவிளையையும் தாண்டிவிடும் தூரம். தேர்ந்த வீரர்கள் இரண்டு மணி சொச்சத்தில் ஓடி முடிக்கும் அந்தத் தூரத்தை, அவர் மெல்ல மெல்ல நடந்து ஆறு நாட்களில் கடந்தார். மூளை, முதுகுத்தண்டு நோயாளிகளுக்கு உதவும் அறநிலையத்துக்கு நிதி திரட்டுவதே நோக்கம். அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பீட்டர் ஹாம்லினும், போட்டியில் அவரை வீழ்த்திய யூபாங்க்கும் நிறைவுக் கட்டத்தில் உடன் நடந்தார்கள். எத்தனையோ பேர் முந்திச் சென்ற பந்தயத்தில், கடைசியாக வந்தவரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த டயான் வான் டெரனின் நிலை வேறு விதம். வலிப்பு நோயைப் போக்க 1997-ல் அவருடைய மூளையின் வலப்புறத்தில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு நின்றது. ஆனால் நேரக் கணக்கும், வரைபடம் பார்த்து வழி அறியும் திறனும் குறைந்துபோயின. அப்படிப்பட்டவர் 2012-ல் வட கரோலினா மாநிலத்தில் சுமார் 1,000 மைல் நெடும்பாதையை 22 நாட்களில் ஓடிக் கடந்தார். கால்களில் குறையில்லை, வழி காட்டத்தான் உடன் ஆள் தேவைப்பட்டது. வலிப்புக்கான அத்தகைய அறுவைச் சிகிச்சை திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்திலும் 1995 முதல் நடந்து வருகிறது. தமிழகத்திலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்து செல்கிறார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? கரமனைக்கு அருகிலுள்ள ஜகதியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட நடிகர் ஜகதி ஸ்ரீகுமார், 2012 மார்ச் 10 அன்று மலப்புரம் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் தலையில் பலத்த காயமடைந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்ட நாள் சிகிச்சை பெற்றார். மீண்டும் அவர் திரையில் தோன்றியது 2022-ல். புகழும் வசதியும், பக்கத்திலேயே குடும்பமும் உள்ளவருக்கே பத்து ஆண்டுகள் பிடித்தன. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைக்க வந்து, வாடகை அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் கொத்தனாருக்கு யார் பத்து ஆண்டுகள் கொடுப்பார்கள்?

கரமனை வழியே செல்லும் நாகர்கோவில் சாலை பிராவச்சம்பலம் வரை அகலமாகிவிட்டது. சாலை அகலமானதும் வண்டிகளின் வேகமும் கூடுகிறது. இருசக்கர வண்டியில் பின்னால் அமர்பவரும் ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது 2019 டிசம்பர் முதல் கேரளத்தில் நடைமுறை. ஆயினும் பக்கத்துக் கடைக்குத்தானே என்று வெறுந்தலையோடு செல்பவர்கள் குறையவில்லை. சாரத்தின் மீது வெறுந்தலையோடு நின்று வேலை செய்வோரும் ஏராளம். போலீசைக் கண்டதும் மாட்டி, தாண்டியதும் கழற்றும் ஹெல்மெட்டால் யாருக்கு லாபம்?

தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசினால் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதி, சோடா வாங்கிக் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுவது பெரும் தவறு. மண்டைக்குள் ரத்தக் கசிவு மெதுவாகக் கூடி, சில மணி நேரம் கழித்தும் அவர் மயங்கி விழக்கூடும். ஓயாத வாந்தி, வரவரக் கூடும் தலைவலி, அசாதாரணத் தூக்கம், பேச்சில் குழறல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சாட்சி, கோர்ட் என்று அலைய நேருமோ என அஞ்சத் தேவையில்லை. விபத்தில் சிக்கியவரை நல்லெண்ணத்துடன் காப்பாற்றுவோருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பணமில்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் காயமடைந்தவர் இதற்கென ஒப்புக்கொண்ட ஆஸ்பத்திரிகளில் 7 நாட்கள் வரை, ரூ.1.5 லட்சத்துக்கு மிகாமல், பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். சொந்த பந்தம் இல்லாத ஊரில் வேலை பார்ப்பவர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

உயிர் பிழைத்த பிறகு எழும் கேள்வி வேலை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். மறதி வந்துவிட்டதே என்று அஞ்சித் தாமாகவே ராஜினாமா எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாக்கள் இதை அறிய வேண்டும். ஆனால் தினக்கூலிக்குச் சாரம் ஏறுபவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. இழப்பீடு ஒரு தொகையோடு முடிந்துவிடும்; இழந்த தொழில் திரும்பாது. மேஸ்திரிகளும் காண்டிராக்டர்களும் மனம் வைத்தால், மேலே ஏற முடியாதவருக்குக் கீழே ஒரு வேலை கொடுக்க முடியும். அதைக் கேட்டுப் பெறுவது தொழிற்சங்கங்களின் கடமை.

நெடுந்தூர ஓட்டங்கள் இப்போது எல்லா நகரங்களிலும் நடக்கின்றன. பனியனும் பதக்கமும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு அவற்றில் பல முடிந்துவிடுகின்றன. தலைக்காயம் பற்றி மக்களுக்கு உணர்த்த, இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் கரமனையிலிருந்து நேமம் வரை ஓர் ஓட்டம் நடத்தலாம். அதில் காயத்திலிருந்து மீண்டவர்களே முன்னால் நடக்கட்டும். மற்றவர்கள் அவர்கள் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வரட்டும்.

ஒரு நாள் காலையில் அப்படி நடப்பது எளிது. அதே பொறுமையை அலுவலகத்திலும் வேலைத்தளத்திலும் வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் காட்டுவதுதான் கடினம். அடிபட்டவர் எதிர்பார்ப்பது அனுதாபம் அல்ல. ஒரு முறை சொன்னதை மறுமுறை சொல்ல ஒருவர்; சிறிது ஓய்வு; செய்யக்கூடிய ஒரு வேலை. இந்த மூன்றும் கிடைத்தால், ஆறு நாள் ஆனாலும் அவர் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடுவார்.