லேத் பட்டறையும் ஆழ்மனமும்

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் லேத் ஓட்டும் ஐடிஐ பையன் ஃப்ராய்டைப் படித்தால் சிரிக்கிறார்கள். "உனக்கெதுக்குப்பா சைக்காலஜி?" கேட்பவர் பெரும்பாலும் எம்.ஏ. சைக்காலஜி முடித்தவராக இருப்பார்.

வியன்னாவில் ஓட்டோ ராங்க் என்றொருவர். இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்தபடிதான் ஃப்ராய்டைப் படித்தார். பின்னாளில் அமெரிக்காவில் பாடமே நடத்தினார். எரிக் எரிக்சன் ஓவியம் வரைந்து திரிந்தவர், கல்லூரிப் பட்டமே கிடையாது. 1960-ல் ஹார்வர்டு பேராசிரியர்! நம் நாட்டு சுதிர் கக்கர் (1938–2024) மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தார். டெல்லி ஐஐடியில் கற்பித்தார்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் நடத்தலாமா? கூடாது. எரிக்சன் அன்னா ஃப்ராய்டிடம் வருடக்கணக்கில் தன் மனதையே உளப்பகுப்பாய்வுக்குக் கொடுத்தவர். கக்கர் ஃபிராங்க்ஃபர்ட்டில் முறையாகப் பயிற்சி பெற்றவர். மூன்று நாள் வகுப்பில் சர்டிபிகேட் வாங்கி 'ஆழ்மன சக்தி' விற்கும் ஆசாமிகள் (ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்) இவர்களைத் துணைக்கு இழுக்க வேண்டாம்.

ஆனால் நம்மூர் எம்.ஏ.விலும் பொதுவாக மாணவன் தன் மனதை யாரிடமும் ஒரு மணி நேரம்கூடத் திறந்து காட்டத் தேவையில்லை. பரீட்சை எழுதினால் போதும். பிறகு எந்த உரிமையில் அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?